சம்பந்திகளின் கை அளவில் ஒரு தொட்டில்

பருத்தி விதைப்பு முடிந்த வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலைத் தேநீருக்குப் பிறகு, ஓரிக்ஸோர் ஊரில் ரிஸ்வோன்கான் வீட்டு மரத்தொட்டில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தையோடு வாசலைத் தாண்டி நடந்து போனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் துத்லி ஊருக்கு, குழந்தையின் அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. யாரும் தூக்கவில்லை, யாரும் இழுக்கவில்லை. அன்று சந்தையில் வெங்காயம் மலிந்திருந்தது, தபால் வண்டி வரவில்லை, தொட்டில் நடந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

அது எப்படி நடந்தது என்றால் வாத்து நடப்பதுபோல. எங்கள் தொட்டில்கள் கயிற்றில் தொங்குகிறவை அல்ல. தரையில் நின்று ஆடுகிறவை. தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக, அடியில் இரண்டு வளைந்த கட்டைகள் இருக்கும். அவற்றை வளைகால் என்போம். அந்தத் தொட்டில் ஒரு பக்கம் சாயும்போது முன் வளைகால் அரை விரல் தள்ளிப் போகும், மறுபக்கம் சாயும்போது பின் வளைகால் அதைத் தொடரும். அவ்வளவுதான். அவசரப்படாத கோழி ஒன்று அதை எளிதாக முந்திவிடும். குழந்தை ஜஸூர் பிறந்து நாற்பது நாள் தீட்டு கழிந்திருந்த சமயம் அது. ஏழு துணி போர்த்தி, கையும் காலும் வார்ப்பட்டையால் கட்டி, அடியில் சிறுநீருக்கு மண்குடுவை தொங்கவிட்டு, அவன் பாட்டுக்குத் தூங்கினான். குடுவை நிரம்பி வழிந்த இடங்களில் சாலையில் ஈரக்கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவன் அம்மா ஓய்னிசா, மாவு படிந்த கையோடு, தொட்டிலை எட்டிப் பிடித்தாள்.

இந்தத் தொட்டிலைச் செய்தவர் ஓய்னிசாவின் அப்பா, தச்சர் மூமின் உஸ்தா. துத்லியில் தொட்டில் என்றால் அவர்தான். பனிக்காலத்தில் இலை உதிர்ந்த மல்பெரி மரங்களுக்கு அடியில், தலையை அண்ணாந்து, வாயைத் திறந்தபடி மணிக்கணக்கில் நிற்பார். தானாகவே வளைந்து வளர்ந்த கிளை ஒன்று கிடைக்கும்வரை வீட்டுக்கு வரமாட்டார். நேராக வளர்ந்த மரத்தை வளைத்தால் அது மனதுக்குள் நேராகவே இருக்கும் என்பது அவர் கட்சி. கிடைத்த கிளையை நட்டநடுவில் பிளந்தால் இரட்டைப் பிள்ளைகள்போல இரண்டு வளைகால் வரும். பிறகு அளவு. தரையில் ஓர் ஆணி அடித்து, அதில் நூல் கட்டி, நூலின் நுனியில் கரித்துண்டைப் பிடித்து மரத்தின்மேல் ஒரு வீச்சு வீசுவார். நூல் நீண்டால் வளைவு தட்டையாகும், குழந்தை கண்ணைத் திறந்துகொண்டு உத்தரத்தைப் பார்க்கும். நூல் குறைந்தால் வளைவு கூடிவிடும், தொட்டில் ஒருநாள் பிள்ளையைத் தரையில் கொட்டும். சரியான நூல், குழந்தையைப் பெற்றவளின் தோளிலிருந்து விரல்நுனி வரை உள்ள நீளம். பக்கத்தில் படுத்தபடியே அவள் கையை நீட்டி ஆட்டும்போது, கை போகும் தூரமும் தொட்டில் போகும் தூரமும் ஒன்றாக இருக்கவேண்டும். இதை மூமின் உஸ்தா எல்லாருக்கும் சொல்வார். தன் பேரனுக்குத் தொட்டில் செய்தபோதுதான் மறந்துபோனார். மறந்தார் என்பதுகூடச் சரியில்லை. மரியாதைக்காக விட்டுக்கொடுத்தார்.

முதல் பிள்ளைக்குத் தொட்டில், பெண் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். இது ஓய்னிசாவின் மாமியார் ரிஸ்வோன்கானுக்கும் தெரியும். ஆனால் அவள் கணவனை இழந்தபின் ஒரே மகனை ஒற்றை ஆளாக வளர்த்தவள். பெண் வீட்டார் எதைக் கொண்டுவந்தாலும் அதில் தன் பங்கு கொஞ்சம் இருந்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். வாசலில் நின்ற வாதுமைப்பழ மரத்திலிருந்து ஒரு வளைந்த கிளையை வெட்டி, மகன் ஓட்டும் பஸ்ஸிலேயே ஏற்றித் துத்லிக்கு அனுப்பினாள். கூடவே செய்தி: "எங்க பேரன் முழுக்க முழுக்க உங்க மரத்துலதான் ஆடணுமா சம்பந்தி? ஒரு காலாவது எங்க மரமா இருக்கட்டும்."

பெண்ணைக் கொடுத்தவர் எப்படி மாட்டேன் என்பார்? மூமின் உஸ்தா தன் மல்பெரிக் கிளையில் பாதியை ஓரமாக வைத்துவிட்டு, வாதுமைப்பழக் கிளையை எடுத்தார். மறுநாள் ரிஸ்வோன்கானே நேரில் வந்து தன் நீண்ட கையை நீட்டி, "எங்க மரத்தை எங்க கையளவுல வரைங்க, மறந்துடாதீங்க" என்றாள். அவள் நல்ல உயரம். மேல்கிளைப் பழத்துக்கு ஏணி போட்டதே இல்லை. இதைக் கேட்ட உஸ்தாவின் மனைவி சனோபர், குட்டையானவள், ரொட்டி அடுப்புக்குள் கையை விடுவதற்குள் பாதி உடம்பை விடுகிறவள், மாவுக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அப்போ நம்ம மரம் என் கையளவுல இருக்கட்டும். ஏன், எனக்குக் கை இல்லையா?"

உஸ்தா இரண்டு பெண்களையும் பார்த்தார். இரண்டு கைகளையும் அளந்தார். பிள்ளை பெற்ற ஓய்னிசாவின் கையை அளப்பது யாருக்கும் தோன்றவில்லை.

தொட்டில் விருந்து குறையில்லாமல் நடந்தது. பிலாவ் மணக்க மணக்க வெந்தது, இனிப்பைத் தொட்டிலின்மேல் இறைத்தார்கள், கண்ணேறு கழிய இஸிரிக் செடியைக் கொளுத்திப் புகை போட்டார்கள். பிறகு வழக்கம்போலக் குழந்தையைத் தலைகீழாகக் கால்மாட்டில் படுக்கவைத்து, "இப்படியா?" என்று ஒரு கிழவி கேட்டாள். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் "இல்லை!" என்று கத்தினார்கள். குறுக்காக வைத்து, "இப்படியா?" என்றாள். "இல்லை!" மூன்றாம் முறை சரியாகப் படுக்கவைத்து, "இப்படியா?" "ஆமாம்!" எங்கள் பெண்கள் நடக்கத் தொடங்கும் வயதிலிருந்தே இதைக் கத்திக் கத்திப் பழகியவர்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முதல் இரண்டுக்கு இல்லை, மூன்றாவதுக்கு ஆமாம். தொட்டிலுக்குமுன் சொன்ன பதிலை யாரும் மாற்றியதும் இல்லை.

துத்லிக்குப் போன தொட்டில் அங்கே சனோபரின் முற்றத்தில் சில நாள் தங்கியது. சனோபர் பூரித்துப்போனாள். "பார்த்தீங்களா, ரத்தம் எங்க இழுக்குதுன்னு!" என்று தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னாள். சொல்லி வாயை மூடுவதற்குள் தொட்டில் கிளம்பி ஓரிக்ஸோருக்குத் திரும்பி நடந்தது. அங்கே ரிஸ்வோன்கான் அதே வாக்கியத்தைச் சொன்னாள். சில நாளில் மறுபடி துத்லி. ஆடுவதுதான் தொட்டிலின் வேலை, இது கொஞ்சம் பெரிதாக ஆடுகிறது, இந்தக் கோடியில் ஓர் ஊர், அந்தக் கோடியில் ஓர் ஊர், அவ்வளவுதான் என்று எங்கள் ஆட்கள் புரிந்துகொண்டார்கள்.

சாலையும் பழகிக்கொண்டது. இரண்டு ஊருக்கும் நடுவில் பெரிய வாய்க்கால் ஓடுகிறது, அதன்மேல் பாலம், பாலத்தை ஒட்டிச் சத்தோரின் தேநீர்க்கடை. தொட்டில் போகும் நாளில் சத்தோர் முன்கூட்டியே தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி வைப்பான். மோட்டார் சைக்கிளில் வந்த போக்குவரத்துக் காவலர், இது வண்டியா, பாதசாரியா என்று குழம்பி, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "வலது ஓரமா போகச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். தொட்டில் அன்றிலிருந்து வலது ஓரமாகப் போனது. கூட்டுப்பண்ணைத் தலைவர் மேலிடத்துக்குத் தகவல் சொல்லலாமா என்று யோசித்தார். அப்புறம் அவர்கள் ஆட்டம் ஒன்றுக்கு எவ்வளவு பருத்தி என்று கேட்பார்கள் என்று விட்டுவிட்டார்.

பிள்ளைக்குப் பால் கொடுக்கவேண்டுமே, அதனால் தொட்டில் போகிற இடமெல்லாம் ஓய்னிசாவும் நடந்தாள். இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவள் கணவன் ரவ்ஷன் அந்தச் சாலையில்தான் பஸ் ஓட்டினான். கல்யாணத்துக்குமுன் அவர்கள் பார்த்துக்கொண்டது இரண்டு தடவை, அதிலும் ஒரு தடவை அவன் அவளுடைய அக்காவைத்தான் பார்த்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஓய்னிசா விடியும்முன் எழுந்து மாமியாருக்கு வணக்கம் சொல்லி, முற்றம் பெருக்கி, வருகிறவர் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். கணவனோடு உட்கார்ந்து ஒரு கிண்ணம் தேநீர் குடித்ததில்லை. அவர்கள் வாய் திறந்தால் அடுத்த அறையில் ரிஸ்வோன்கான் இருமுவாள். இப்போது தொட்டிலுக்குப் பின்னால் அவள் நடந்தாள், அவளுக்குப் பின்னால் பஸ் கோழி வேகத்தில் ஊர்ந்தது, ரவ்ஷன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தான்.

"சாப்டியா?"

"எங்க சாப்பிட? உங்க பையன் சம்ஸா கடையில ஒரு நிமிஷம் நிக்கறானா பாருங்க."

"என்ன மாதிரியே. நானும் நிறுத்தத்துல நிக்க மாட்டேன்னு எல்லாரும் திட்டறாங்க."

"பெருமையைப் பாரு!"

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு தாத்தா, "தம்பி, பொண்டாட்டிகிட்ட பேசறதா இருந்தா தாராளமா பேசு. ஆனா ரோட்டையும் அப்பப்போ பாரு, எனக்குப் பல்லு கட்டறவர் கடையைப் பூட்டிடுவார்" என்பார். பின்சீட்டுப் பெண்மணி உடனே, "விடுங்க அண்ணே, உங்களுக்குப் பல்லு நாளைக்கும் கட்டலாம். இதுங்களுக்கு வீட்ல பேச விடறாங்களா என்ன?" என்று அவர் வாயை அடைப்பாள். அந்தக் கோடையில் ஓய்னிசாவுக்குத் தன் கணவனுக்கு வாத்து என்றால் பயம் என்பது தெரிந்தது. அவனுக்கு அவள் எட்டாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவள் என்பது தெரிந்தது. ஒருநாள் ஜன்னல் வழியே அவன் செர்ரிப்பழம் ஒரு கைப்பிடி நீட்டினான். அதை வாங்கிக்கொண்டு அவள் முகம் சிவந்ததைப் பார்த்துப் பஸ்ஸே சிவந்தது. சாயம் பூசிய வண்டிதான், ஆனால் அதுவரை அது நீல நிறமாக இருந்தது.

இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பேரன் தன் முற்றத்தில் இல்லை. ரிஸ்வோன்கான் தொட்டிலைப் பசுவோடு சேர்த்துக் கட்டினாள். பசுவும் கூடவே துத்லிக்குப் போய், சனோபரின் வெள்ளரிப் பாத்தியைத் தின்றது. சனோபர் தொட்டிலைத் தன் மல்பெரி மரத்தில் கட்டினாள். மரம் ஓரிக்ஸோர் பக்கமாகச் சாய்ந்தது, இன்றைக்கும் சாய்ந்தே நிற்கிறது. உஸ்தாவைக் கூப்பிட்டு, "உங்க காலைச் செதுக்குங்க" என்று ஒருத்தியும், "அவங்க காலைச் செதுக்குங்க" என்று இன்னொருத்தியும் சொன்னார்கள். அவர் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் தடவுவதுபோலச் செதுக்கினார். தொட்டில் இன்னும் லேசாகி, போன வருஷத்துப் பஞ்சுமூட்டை தொள்ளாயிரம் ஏற்றிய லாரி ஒன்றைப் பாலத்தின்மேல் முந்தியது.

முலாம்பழக் காலம் வந்தபோது ரிஸ்வோன்கானுக்கு ஒரு யோசனை வந்தது. தொட்டில் கிளம்பும் அறிகுறியாக முனகத் தொடங்கியதும் அவள் குழந்தையை வெளியே எடுத்துவிட்டாள். ஆனால் காலித் தொட்டில் ஆடினால் பிள்ளைக்கு வயிற்றுவலி வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தானாக ஆடும் தொட்டிலை எப்படி நிறுத்துவது? சட்டென்று கையில் கிடைத்த முலாம்பழம் ஒன்றை வைத்து, வார்ப்பட்டையால் கட்டி, ஏழு துணியும் போர்த்தி, "போ, போய்ச் சேரு" என்று கதவைத் திறந்துவிட்டாள். மருமகளைச் சமையலறையில் பிடித்து வைத்துக்கொண்டாள்.

தூங்கும் குழந்தையின் துணியை விலக்குவது நல்லதில்லை என்பதால் துத்லியில் சனோபர் துணியை விலக்கவில்லை. மதியம் முழுக்க ஆட்டினாள். தாலாட்டினாள். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, "என்ன அமைதி, என்ன அடக்கம்! முழுக்க எங்க பக்கத்துச் சாடை. அங்க போனாத்தான் அழறான்" என்றாள். ஒருத்தி துணிமேலேயே தொட்டுப் பார்த்து, "நல்ல கனம், அக்கா. தலை கொஞ்சம் பெருசோ?" என்றாள். "எங்க அப்பாவுக்கும் பெரிய தலைதான்" என்றாள் சனோபர். பால் கொடுக்க ஓய்னிசா வரவில்லையே என்று கடைசியில் துணியை நீக்கினார்கள்.

அதற்குப் பிறகு துத்லியில் சனோபரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். சனோபர் முலாம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி, மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஓரிக்ஸோரில் இறங்கினாள். ரிஸ்வோன்கான் அவளை உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினாள். எங்கள் பக்கம் மதிக்கிற விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவோம். விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். ரிஸ்வோன்கான் ஊற்றிய கிண்ணத்தில் ஓர் எறும்புக்குக்கூட இடமில்லை.

"பழம் இனிப்பா இருந்ததா சம்பந்தி?"

"தாலாட்டுப் பாடின பழத்தை நான் அறுத்துத் திங்கமாட்டேன் சம்பந்தி. எங்க குடும்பத்துல அப்படிப் பழக்கம் இல்லை. உங்க குடும்பத்துல எப்படியோ!"

முலாம்பழத்தை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு சனோபர் வெளியேறினாள். அது அங்கேயே இருந்தது. அழுகவில்லை. அடுத்த வாரம் தொட்டில் திரும்பி வந்தபோது உள்ளே ஏழு துணிக்கு அடியில் சேவல் ஒன்று கட்டப்பட்டிருந்தது, சனோபரின் பதில் மரியாதை. அதற்குப் பதிலாக ஒரு பூசணி போனது. பூசணிக்குப் பதிலாக ஆட்டுத்தலை ஒன்று வந்தது. இந்த நாட்களில் தொட்டில் இல்லாத ஜஸூர் கண்ணை மூடவில்லை, அழுதான். அவன் அழுதால் ஓரிக்ஸோரின் நாய்கள் எல்லாம் அழுதன. ரிஸ்வோன்கான் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு அவனை மறுபடி தொட்டிலில் படுக்கவைத்தாள். ஆனால் தோற்றவளாகப் படுக்கவைக்கவில்லை. மருமகளைக் கூப்பிட்டு முற்றத்தின் நடுவில் நிறுத்தினாள்.

"கேட்டுக்கோ. இந்தத் தொட்டில் இன்னொரு தடவை இந்த வாசலைத் தாண்டினா, இதோட காலை வெட்டிடுவேன். தொட்டில் பின்னாடி நீ தாண்டினா, அப்படியே உங்க அம்மா வீட்டோட இருந்துக்கோ. திரும்பி வராதே. என் பையனுக்குப் பொண்ணு கிடைக்காமலா போயிடும்?"

"அவர்கிட்ட கேட்டீங்களா அத்தை?"

"அவன் என்ன சொல்லுவான்? நான் சொல்றதைச் சொல்லுவான்."

அன்று சாயங்காலம் ரவ்ஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஓய்னிசா தேநீர் ஊற்றும் சாக்கில் பக்கத்தில் வந்தாள். அவர்கள் கண்கள் மட்டும் பார்த்துக்கொண்டன. அடுத்த அறையில் இருமல் கேட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். சாலையில் வாயாடியாக இருந்தவன் வீட்டுக்குள் இப்படி ஆகிவிடுகிறானே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. அவன் இல்லாமல் துத்லியில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். ஜன்னல் இல்லாத பஸ்போல இருந்தது.

தொட்டில் இரண்டு நாள் பொறுத்தது. பிறகு ஜஸூர் நன்றாகத் தூங்கும் நேரமாகப் பார்த்து வாசலைத் தாண்டியது. ஓய்னிசா நிலைப்படியில் ஒரு நிமிஷம் நின்றாள். குழந்தை போகிறது. தாண்டினாள்.

ரிஸ்வோன்கான் கோடாலியைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்புவதற்குள் அவர்கள் பாலத்துக்கு வந்துவிட்டார்கள். ஓரிக்ஸோரில் கோடாலி எடுத்தது துத்லிக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவேண்டாம், அங்கே சனோபர் அதே சமயம் கணவனின் பெரிய ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு, "அவ எங்க காலை வெட்டினா நான் அவ காலை அறுக்கறேன்" என்று ஓடிவந்தாள். ரம்பத்தைத் திரும்ப வாங்குவதற்காக மூமின் உஸ்தா பின்னால் ஓடிவந்தார். இந்தப் பக்கம் கோடாலி, அந்தப் பக்கம் ரம்பம், நடுவில் தொட்டில். ரவ்ஷனின் பஸ் நிரம்பி வழிய வந்து பாலத்தருகே நின்றது. சந்தை நாள், பெரும்பாலும் பெண்கள். எல்லாரும் இறங்கினார்கள். சத்தோர் தேநீர்க் கெட்டிலை அடுப்பிலேயே மறந்துவிட்டு வந்தான்.

"தள்ளு, மருமகளே!" என்று ரிஸ்வோன்கான் கோடாலியை ஓங்கினாள்.

"தொட்டுப் பாருங்க சம்பந்தி!" என்று சனோபர் ரம்பத்தை நீட்டினாள்.

"அம்மா, குழந்தை தூங்குது" என்றான் ரவ்ஷன். அவன் அதுவரை அம்மாவை எதிர்த்துச் சொன்னதிலேயே பெரிய வாக்கியம் அதுதான்.

ஓய்னிசா அவனைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது, ஆனால் தலை குனியவில்லை. அது அவளுக்குப் போதுமாக இருந்தது. குனிந்து தொட்டிலின் மேல்கட்டையைப் பிடித்துத் தூக்கி, துத்லி பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு குரலை உயர்த்திக் கேட்டாள்:

"இப்படியா?"

தொட்டிலில் குழந்தை. இப்படியா என்று ஒரு கேள்வி. இறங்கி நின்ற பெண்கள் யோசிக்கக்கூட இல்லை. "இல்லை!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். அதில் மிக உரக்கக் கத்தியவள் சனோபர். கத்திய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது, ரம்பம் கையிலிருந்து நழுவியது.

ரிஸ்வோன்கான் சிரிக்க வாயைத் திறந்தாள். அதற்குள் ஓய்னிசா தொட்டிலை ஓரிக்ஸோர் பக்கம் திருப்பிவிட்டாள்.

"இப்படியா?"

"இல்லை!" சிரிக்கத் திறந்த வாய், வழக்கம் இழுத்த இழுப்பில், எல்லாரோடும் சேர்ந்து கத்திவிட்டது. கோடாலி அவள் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. தொட்டிலுக்குமுன் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது?

ஓய்னிசா தொட்டிலைச் சாலைக்குக் குறுக்காக, வாய்க்காலைப் பார்க்க, சத்தோரின் கடைக்குப் பக்கத்தில் இருந்த காலித் திடலின் ஓரத்தில் வைத்தாள்.

"இப்படியா?"

"ஆமாம்!" என்றார்கள் பெண்கள். "ஆமாம்!" என்றார் பல் கட்டப்போன தாத்தா, பாதிப் பல்லோடு. "ஆமாம்" என்றான் ரவ்ஷன், இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவில் நடந்து போய்த் தன் மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு. பஸ்ஸின் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டான். சத்தோர் ஓடிப்போய் இரண்டு கிண்ணத்தில் தேநீர் கொண்டுவந்தான். ஊர் முழுக்க நின்று பார்க்க, அவர்கள் முதல் தடவையாக உட்கார்ந்து சேர்ந்து குடித்தார்கள். யாரும் இருமவில்லை. ஒருத்தி இருமப் பார்த்தாள், பக்கத்திலிருந்த சனோபர் அவள் காலை மிதித்தாள்.

தொட்டில் ஆடியது, ஆனால் நகரவில்லை. மூமின் உஸ்தா ரம்பத்தை எடுத்துக்கொண்டபிறகு, குழந்தை விழித்துக்கொண்டதும் தொட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். கோடை முழுவதும் சரளைக்கல்லில் நடந்து மல்பெரிக் கால் நடுவில் தேய்ந்திருந்தது, வாதுமைப்பழக் கால் ஓரங்களில் தேய்ந்திருந்தது. இரண்டும் ஒரே வளைவுக்கு வந்திருந்தன. பையிலிருந்து நூலை எடுத்து, "கையை நீட்டும்மா" என்று மகளின் தோளிலிருந்து விரல்நுனிவரை அளந்து, நூலை வளைகால்களின்மேல் ஓட்டினார். ஒரு மயிரிழை பிசகவில்லை. "அளவு சரியா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

அந்தத் திடலில் இரண்டு ஊரும் சேர்ந்து கைகொடுத்து, பருத்தி எடுப்பு தொடங்குமுன் ஓய்னிசாவுக்கும் ரவ்ஷனுக்கும் மண்சுவர் வீடு ஒன்றை எழுப்பின. ஓரிக்ஸோர் ஆட்கள் மேற்குச் சுவர், துத்லி ஆட்கள் கிழக்குச் சுவர். கூரை போடும்போது மட்டும் கொஞ்சம் சண்டை. ஜஸூருக்குப் பிறகு அதே தொட்டிலில் நான்கு பிள்ளைகள் தூங்கி எழுந்தார்கள். ரவ்ஷன் பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றான், வாத்து பயம் போகவில்லை. பஸ் இன்னும் சிவப்பாகவே ஓடுகிறது. முலாம்பழம் அந்த வீட்டு ஜன்னல் மேடைக்கு இடம் மாறியது. விருந்து நாளில் பேரப்பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து இனிப்பு கொடுக்கும்போது சனோபர் அதற்கும் ஒன்று வைத்துவிடுவாள், ரிஸ்வோன்கான் அதை எடுத்து ஜஸூரிடம் கொடுத்துவிடுவாள்.

தொட்டில் நிலையாக நின்றது, ஆனால் அதன் ஆட்டம் எங்கேயாவது போயாகவேண்டும். அது வீட்டுக்குள் போனது. எல்லா நேரமும் அந்த வீடு கொஞ்சம் ஆடும், விளக்கு அசையும் அளவுக்கு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இப்போதும் தினமும் காலையில் ஓரிக்ஸோரிலிருந்து ரிஸ்வோன்கானும் துத்லியிலிருந்து சனோபரும் வந்து, பேரன் பெண்டாட்டியை அதிகாரம் செய்வது யார் என்று பேசித் தீர்க்க உட்காருகிறார்கள். பேச்சு முற்றியதும் ஒருத்தி இன்னொருத்திக்குக் கிண்ணம் விளிம்புவரை நிரம்பத் தேநீர் ஊற்றி நீட்டுகிறாள். வீடு ஆடுகிறது. கை மாறிச் சேர்வதற்குள் பாதி சிந்திவிடுகிறது. மரியாதைக்கு எவ்வளவு ஊற்றவேண்டுமோ அவ்வளவுதான் கிண்ணத்தில் மிச்சம் இருக்கிறது. அதனால் அவள் எழுந்து போவதில்லை. குடித்துவிட்டு, சம்பந்திக்கு ஊற்றக் கெட்டிலை எடுக்கிறாள்.